நேர்ந்துகொண்டது அத்தை, நடந்தது நான்

என் இடது கெண்டைக்காலைத் தேய்த்துவிடச் சொல்லி நான் கேட்டேனா, இல்லை, அத்தை தானாகவே வந்து தேய்த்தாரா? எட்டு மாதம் ஆகிறது. எத்தனை முறை யோசித்தாலும் அந்த ஒரு நிமிடம் மட்டும் ஞாபகத்தில் இல்லை. எண்ணெயின் சூடு ஞாபகம் இருக்கிறது. தவிட்டு ஒத்தடத்தின் வாசனை ஞாபகம் இருக்கிறது. யார் முதலில் பேச்செடுத்தது என்பது மட்டும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, என்னைப் போல ஒருத்தி இதைக் கடந்து வந்து ஏதாவது எழுதியிருப்பாளா என்று போனில் தேடிப் பார்த்தேன். கிடைத்தவையெல்லாம் பயமுறுத்தின. பயமுறுத்தாத ஒன்று இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. கல்யாணத்துக்கு முன் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராக இருந்தேன், அவ்வளவுதான். அதனால் இதில் இருப்பதை வைத்து யாரும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள், சேர்த்துவிடவும் செய்யாதீர்கள்.

எங்கள் வீடு கண்டரமாணிக்கத்தில். ஆவணியில் எனக்கு ஆபரேஷன் செய்து பையன் பிறந்தான். பேறுகாலத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்குத்தான் அனுப்புவார்கள். எனக்கு அம்மா இல்லை. அதனால் அத்தை, அதாவது என் கணவரின் அம்மா, 'எங்குட்டும் போக வேணாம், எம்மகளா இருந்தா நான் பாக்க மாட்டேனா' என்று சொல்லிவிட்டார். சொன்னபடியே பார்த்தார். காலைத் தரையில் வைக்க விடவில்லை. மூன்று வாரம் கட்டில்தான். சாப்பாடு கட்டிலுக்கு வந்தது, வெந்நீர் கட்டிலுக்கு வந்தது. இப்போது நினைத்தால் அந்தக் கட்டில்தான் முதல் தப்பு. அப்போது அது எனக்குக் கிடைத்த பெரிய பாசம் என்று இருந்தேன். இப்போதும் அது பாசம்தான்.

மூன்றாவது வாரம் இடது கெண்டைக்கால் மட்டும் கனத்தது, வீங்கியது. வாயு என்றார்கள். எண்ணெய் காய்ச்சித் தேய்த்து ஒத்தடம் கொடுத்தார் அத்தை. நான்காம் நாள் காலையில் தொட்டிலில் அழுத பையனைத் தூக்கினேன். நிமிர்ந்தபோது மூச்சு பாதியில் நின்றது. இழுத்தால் விலாவில் கத்தி குத்துவது போல் இருந்தது. எப்படியோ அவனைக் கட்டிலில் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். போட்டேனா, விழுந்துவிட்டானா என்றுகூட இரண்டு நாள் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் கட்டில் நடுவில் கை காலை உதைத்துக்கொண்டு கிடந்தானாம்.

காரைக்குடியில் ஓர் ஆஸ்பத்திரி, அங்கிருந்து ஆம்புலன்ஸில் மதுரை. டாக்டர் அம்மா விளக்கியதை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். பிள்ளை பெற்றவள் உடம்பில் ரத்தம் கொஞ்சம் சீக்கிரம் உறையும். அதிக ரத்தம் போய்விடக் கூடாது என்று உடம்பே செய்துகொள்ளும் ஏற்பாடு. அசையாமல் படுத்தே இருந்தால், காலில் ஆழத்தில் ஓடும் குழாயில் ரத்தம் தேங்கிக் கட்டியாகும். அதில் ஒரு துண்டு பிய்ந்து மேலே போய் நுரையீரல் குழாயை அடைத்துக்கொள்ளும். எனக்கு அடைத்தது சின்னக் குழாய். பெரியதாக இருந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

கட்டிலருகே நின்றுகொண்டு டாக்டர் கேட்டார். "காலைத் தேய்ச்சீங்களா?"

நான் வாயைத் திறக்கும் முன்பே அத்தை சொன்னார். "நாந்தான் தேச்சேன்."

"ஒரு கால் மட்டும் வீங்கினா தேய்க்கக் கூடாதும்மா. தேய்ச்சதாலதான் இதுன்னு நான் சொல்லல, அதை யாராலயும் சொல்ல முடியாது. ஆனா இனிமே யாருக்கும் தேய்க்காதீங்க." திட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். அத்தை தலையை ஆட்டினார். அன்றிலிருந்து அவர் பேச்சு குறைந்துபோனது. தெருவில் போகிறவரை நிறுத்தி வைத்துப் பேசுகிறவர் அவர்.

பரிசோதனைகளைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. டாப்ளர் என்பது, வயிற்றில் குழந்தையைப் பார்க்கும் அதே மாதிரி ஸ்கேன்தான். காலில் ரத்தம் ஓடுகிறதா, நிற்கிறதா என்று பார்க்கிறது. ஜெல்லி மட்டும் ஜில்லென்று இருக்கும். சி.டி. ஸ்கேனுக்கு முன் கையில் ஒரு சாய மருந்து ஏற்றுவார்கள். அது உள்ளே போகும்போது உடம்பெல்லாம் சூடு பரவி, படுக்கையிலேயே சிறுநீர் கழித்துவிட்டோமோ என்று தோன்றும். கழித்திருக்க மாட்டீர்கள். யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் நான் அத்தனை வெட்கப்பட்டிருக்க மாட்டேன்.

அந்த மருந்து ஏறின பிறகு பால் கொடுக்கலாமா என்று ஒரு நர்ஸிடம் கேட்டேன். கொடுக்கலாம் என்றார். நம்பிக்கை வராமல் இன்னொருவரிடம் கேட்டேன். மூன்றாவதாக ஒருவரிடமும் கேட்டேன். ஷிப்டு மாறி வந்த நாலாவது நர்ஸ், நான் வாயெடுக்கும் முன்பே, "கேப்பீங்கன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க. கொடுக்கலாம்" என்றார்.

வயிற்றில் தினம் இரண்டு ஊசி, ரத்தம் மேலும் உறையாமல் இருக்க. இரவுகளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எல்லா இரவும் ஒரே இரவு. விரலில் மாட்டியிருந்த ஆக்சிஜன் கிளிப்பின் எண் இறங்கினால் மிஷின் கத்தும். கத்தியதெல்லாம் பெரும்பாலும் நான் விரலை ஆட்டியதால்தான். பக்கத்துக் கட்டிலில் இருந்த மானாமதுரைப் பெண்ணின் கணவர், தன் மனைவிக்கு இட்லி வாங்கும்போதெல்லாம் அத்தைக்கும் ஒரு பொட்டலம் வாங்கி வந்து ஸ்டூலில் வைத்துவிட்டுப் போவார். பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை நாங்கள். பில்லை எப்படிக் கட்டினார் என்று என் கணவர் செந்தில் முழுதாகச் சொன்னதில்லை. காப்பீட்டு அட்டை பாதி தாங்கியது என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தால் பைக் இல்லை. வேலை பார்க்கும் காரைக்குடி டைல்ஸ் கடைக்குப் பஸ்ஸில்தான் போய் வருகிறார். 'பஸ்ல தூங்கிக்கிட்டே போகலாம், பைக்ல முடியுமா' என்கிறார்.

வீட்டுக்கு அனுப்பும் முன் நடை சோதனை வைத்தார்கள். வராந்தாவில் ஆறு நிமிடம் நடக்க வேண்டும். பிசியோதெரபிப் பெண் கூடவே வந்தாள். இரண்டு முறை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஃபெயில் ஆகிவிட்டேனா என்று கேட்டேன், டீச்சர் புத்தி. அவள் சிரித்தாள். "இதுல பாஸ், ஃபெயில் இல்லக்கா. சமதளமா இருக்கற ரோட்ல தினம் நடங்க. பேசிக்கிட்டே நடக்க முடியணும். பேச்சு நின்னா நீங்களும் நின்னுருங்க. அதான் கணக்கு."

வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். பையனைத் தூக்கிக்கொண்டு நிற்க மாட்டேன். உட்கார்ந்திருக்கும்போது மடியில் கொடுத்தால் பால் கொடுப்பேன், கொஞ்சுவேன். அவனைத் தூக்கிக்கொண்டு ஓர் அடி எடுத்து வைக்க மாட்டேன். மூச்சு அன்றைக்குப் போல் நின்றுவிட்டால்? இந்த முறை கட்டில் பக்கத்தில் இல்லாவிட்டால்? டாக்டர் தூக்கலாம் என்று சொல்லி இரண்டு மாதம் ஆகியும், அவன் அழுதால் நான் உட்கார்ந்துகொண்டு யாரையாவது கூப்பிட்டேன். ஒரு தாய் செய்கிற வேலையா இது என்று என்னையே கேட்டுக்கொள்வேன். பிறகும் எழுந்திருக்க மாட்டேன்.

கார்த்திகையில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அத்தை மெல்லச் சொன்னார். "திருக்கோட்டியூர் பெருமாளுக்கு நேந்திருக்கேன். நீ பொழச்சு எந்திரிச்சா, நம்ம வாசல்லருந்து நடந்து வாரதா."

"யாரு நடந்து வருவா?" என்றார் செந்தில்.

"இவதான்."

"நேந்தது நீ. நீயே நட. இவ தெருமுக்கு வரைக்கும் போயிட்டு வந்தாலே மூச்சு வாங்குது."

"என் முழங்காலு நடக்கிற காலா இருந்தா எங்காலத்தானடா நேந்திருப்பேன்? சாமிக்கிட்டப் போயி ஒடஞ்ச காலையா குடுக்கிறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே பயமும் வந்தது. பஸ்ஸில் போனாலே அரை மணி ஆகும் ஊர். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. என் பேரில் நேர்ந்த கடனை நான் கழிக்காமல் விட்டு, பையனுக்கு ஒரு காய்ச்சல் வந்தால் எனக்கு என்னவெல்லாம் தோன்றும் என்று எனக்கே தெரியும். நான் படித்தவள்தான். ஆனாலும் தோன்றும்.

அடுத்த முறை மதுரைக்குப் போனபோது, ரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்க்கும் பரிசோதனையை முடித்துவிட்டு டாக்டரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் என்னை விட்டுவிட்டு அத்தையைப் பார்த்தார்.

"ஒரே நாள்ல நடக்கணும்னு வேண்டிக்கிட்டீங்களாம்மா?"

அத்தை யோசித்தார். "நாள் சொல்லலயே."

"நடுவில பஸ் ஏறக் கூடாதுன்னு?"

"அதுவும் சொல்லல."

"அப்ப கொஞ்சம் கொஞ்சமா நடக்கட்டும். அவங்களுக்கு நானும் அதைத்தான் எழுதிக் குடுத்திருக்கேன்."

மருந்துச் சீட்டில் சாமி காரியத்துக்கு அனுமதி வாங்கிய குடும்பம் நாங்களாகத்தான் இருக்கும்.

திட்டத்தை அத்தைதான் வகுத்தார். சனிக்கிழமை, பெருமாளுக்கு உகந்த நாள். ஊர்களுக்குள் புகுந்து போகும் டவுன் பஸ்ஸில் ஏறுவோம். பெண்களுக்குக் காசில்லாத டிக்கெட். போன வாரம் விட்ட நிறுத்தத்தில் நான் இறங்க வேண்டும். அத்தை பையனோடு அதே பஸ்ஸில் அடுத்த நிறுத்தத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்வார். நான் அதுவரை நடந்து போய்ச் சேர்ந்ததும், மூவரும் திரும்பும் பஸ்ஸில் வீடு. விட்ட இடத்திலிருந்து ஓர் அடிகூட விடக்கூடாது என்பதற்காக நிறுத்தத்துக் கல்லில் மஞ்சளைத் தடவி வைத்துவிடுவார். மழையில் அழிந்தால் அடுத்த வாரம் பத்தடி பின்னால் இருந்து நடக்கச் சொல்வார். "பெருமாளுக்குக் கூடக் குடுத்தாத் தப்பில்ல, கொறைக்கத்தான் கூடாது."

பேசிக்கொண்டே நடக்க வேண்டுமே, அதற்குத்தான் போன். நான் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு நடப்பேன். அடுத்த நிறுத்தத்தில் இருந்து அத்தை என் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பார். மாமியாரும் மருமகளும் அரை மணி நேரம் பேச என்ன இருக்கிறது? முதல் வாரம் ஐந்து நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிட்டது.

"இப்ப என்னா தெரியுது?" என்றார்.

"வயல் அத்தை."

"வயல்தான் தெரியும், ரோட்டுல கடலா தெரியும்? என்னா வயலு?"

"நெல்லு. இன்னும் பச்சையா இருக்கு. ஓரத்துல ரெண்டு பனை, ஒண்ணுல தூக்கணாங்குருவிக் கூடு தொங்குது."

"ரெட்டப் பனையா? அதத் தாண்டுனா ஒரு கெணறு வரும். பாத்துக்கிட்டே வா. அது எஞ்சித்தப்பா வெட்டுன கெணறு. தண்ணி வரல, கோவிச்சுக்கிட்டுப் போயி அஞ்சாறு மாசம் சிவகங்கையில இருந்தாரு."

இப்படித்தான் அந்தப் பாதை எனக்குத் தெரிந்தது. அவர் கதை சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். நடுவில் நினைவு வந்து, "நீ பேசணும்டி, நான் பேசக் கூடாது" என்று தன்னையே அதட்டிக்கொள்வார். ஆஸ்பத்திரியில் தொலைந்துபோன அவர் பேச்சு போன் வழியாகத் திரும்பி வந்தது. மார்கழியில் பனி விலகாமல் கம்மாய்க்கரை மட்டும் கறுப்புக் கோடாகத் தெரியும். தையில் நெல் சாய்ந்து மஞ்சளாகி, அறுப்பு மிஷின் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. கருவேல மரத்தில் நிழல் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, ஆனால் புளியமரங்கள் நிற்கும் இடங்களில் வேண்டுமென்றே மெதுவாக நடப்பேன். மூச்சு வாங்கும், நிற்பேன், மறுபடி நடப்பேன். கண்டக்டருக்கு நாங்கள் பழகிவிட்டோம். "இன்னைக்கு எம்புட்டு தூரம்?" என்பார். ஒரு நாள், "அடுத்த வருசம் போயிச் சேர்ந்துருவீகளா?" என்றார். அத்தை, "ஒன் பஸ்ஸவிட எம்மருமக வேகந்தேன்" என்றார்.

மாசியில் ஒரு சனிக்கிழமை. கம்மாய் வளைவில் ரோடு கரையோடு திரும்பும் இடம். பேசிக்கொண்டே வந்த நான் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், மறுபக்கம் சத்தமே இல்லை. சிக்னல் இல்லை. லேசாக மூச்சும் வாங்கியது. அங்கே இருந்த சின்னப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்தேன். தண்ணீருக்குள் நின்ற பட்டுப்போன மரத்தில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன, கொடியில் துணி போட்ட மாதிரி. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஐந்து மாதத்தில் என் மூச்சைப் பற்றி நினைக்காமல் இருந்த முதல் நேரம் அதுதான் என்று பின்னால் தோன்றியது.

எதிர்த் திசையிலிருந்து ஒரு பஸ் ஆமை வேகத்தில் வந்தது. முன்கண்ணாடிக்குப் பின்னால் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு அத்தை நின்றிருந்தார். ஜன்னல் ஜன்னலாகத் தலைகள், எல்லாம் என்னைத் தேடிப் பள்ளத்தையும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டு வந்தன.

"இவுகதானா பாருங்க" என்றார் கண்டக்டர்.

அத்தை இறங்கினார். "பேசிக்கிட்டே வான்னுதானடி சொன்னேன்?"

"சிக்னல் இல்ல அத்தை."

"சிக்னல் இல்லன்னா சத்தம் போட வேண்டியதுதான?"

"ஒரு கிலோமீட்டருக்கா?"

பஸ்ஸுக்குள் யாரோ சிரித்தார்கள். "ஏறுங்க ரெண்டு பேரும்" என்றார் கண்டக்டர். அத்தை மறுத்துவிட்டார். இன்றைக்கு நடக்க வேண்டிய துண்டு பாக்கி இருக்கிறதே. பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம்.

அத்தை பாலத்துச் சுவரில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பையனை மடியில் இறக்கிக்கொண்டார். தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார். "அன்னைக்கு நீ வேணாம்னுதான் சொன்ன. நாந்தான் கேக்காமத் தேச்சேன்."

"இல்ல அத்தை. நான்தான் தேய்ச்சுவிடச் சொன்னேன்."

"நீ சொல்லல."

"சொன்னேன். நீங்க எண்ணெ காய்ச்சப் போனீக."

"எண்ணெய நான் அதுக்கு முன்னாடியே காச்சிட்டேன்."

"இல்ல, எனக்கு ஞாபகம் இருக்கு." பொய்தான் சொன்னேன். எனக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை. அவருக்கும் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. இத்தனை மாதமும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து அதே நிமிடத்தைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறோம்.

"சரி விடு," என்றார் கடைசியில். "ரெண்டு பேரும் சொல்லல. எண்ணெச் சட்டி தானா எந்திரிச்சு வந்துச்சு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தவர், உடனே முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பஸ்ஸிலிருந்து குதித்த மாதிரி இறங்கியதில் பிடித்துக்கொண்டது. பையன் அவர் மடியில் நெளிந்தான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நிறுத்தத்தில் கூரை இருக்கிறது, வேப்பமரம் இருக்கிறது. இந்தப் பாலத்தில் எதுவும் இல்லை.

"நீ போ. நான் மெல்ல வாரேன்" என்றார். பையனை நீட்டினார். நீட்டிய பிறகுதான் அவருக்கே நினைவு வந்தது போல. கை அப்படியே நின்றது. பின்னால் இழுத்துக்கொள்ளவும் இல்லை.

வாங்கினேன். எழுந்தேன். இடது காலில் ஒரு கணம் கனம் தெரிந்தது, அல்லது தெரிந்ததாக நினைத்தேன். அவன் என் காதில் தொங்கிய ஒயரைப் பிடித்து இழுத்தான்.

"பேசிக்கிட்டே நட" என்றார் அத்தை பின்னாலிருந்து.

அவனிடமே பேசினேன். இது கம்மாய்டா, அது நீர்க்காகம், அது உன் அப்பத்தாவோட சித்தப்பா கோவிச்சுக்கிட்டுப் போன வழி. இருநூறு அடிக்கு ஒரு முறை நின்றேன். நிற்கும்போதெல்லாம் அத்தை முழங்காலைத் தேய்த்தபடி எட்டிப் பிடித்தார். தன் காலைத் தேய்க்கிறார், இரண்டு முழங்காலும் ஒன்றுபோல் வலிப்பதால் ஆட்சேபணை இல்லை என்று சொல்லிக்கொண்டேன். பேச்சு ஒரு முறைகூட நிற்கவில்லை. நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தபோது கை இரண்டும் விட்டுப்போயிருந்தன. அவனை இறக்கி வைக்கத்தான் மனசு வரவில்லை.

பங்குனியில் திருக்கோட்டியூர் போய்ச் சேர்ந்தோம். கடைசித் துண்டுக்குச் செந்திலும் வந்தார். பெரிதாகச் சொல்ல ஒன்றும் நடக்கவில்லை. கோயில் விமானத்தின் மேல்தளத்துக்கு ஏற வேண்டாம் என்று அத்தையே சொல்லிவிட்டார். சன்னதியில் நின்று, "கூட்டியாந்துட்டேன்" என்று மட்டும் சத்தமாகச் சொன்னார். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அத்தை பையில் தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். "எங்குட்டுப் போறோம்?"

"வேண்டுதல்தான் முடிஞ்சிருச்சே அத்தை."

"வேண்டுதல் முடிஞ்சா நடை எதுக்கு முடியணும்? இந்தத் தடவ நானும் எறங்கி நடக்கிறேன். சும்மா பஸ் ஸ்டாப்புலயே ஒக்காந்து ஒக்காந்து எனக்குக் கால் மரத்துப் போச்சு."

அப்படி ஆரம்பித்தது இப்போது நிற்கவில்லை. போன வாரம் காளையார்கோவில் பக்கம் ஒரு நிறுத்தத்தில் இறங்கிக் கால் கிலோமீட்டர் நடந்தோம். பையன் என் இடுப்பில், அத்தை முன்னால். எனக்கு நடையில் சிரமமில்லை. கவலைதான் இடம் மாறிவிட்டது. முழங்கால் தேய்ந்திருக்கிறது என்று டாக்டர் சொன்ன அறுபத்திரண்டு வயதுப் பெண்ணை எவ்வளவு தூரம் நடக்க விடலாம்? வலிக்கிறதா என்று கேட்டால் வலிக்கவில்லை என்பார்; பேச்சும் நிற்காது, அவர் வலியிலும் பேசுவார். அதனால் பிசியோதெரபிப் பெண் சொன்ன கணக்கு இவரிடம் செல்லாது. வீட்டில் இப்படி ஒருவரை வைத்திருப்பவர்கள் எதைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று எழுதுங்கள். கூடவே, காளையார்கோவில், சிவகங்கை, திருப்பத்தூர் பக்கம் டவுன் பஸ் நிற்கும் இடத்தில் இறங்கி நடக்கிற மாதிரி, மேடு இல்லாத, நாய் அதிகம் இல்லாத, நூறு அடிக்கு ஒரு முறை உட்கார ஏதாவது ஒரு கல்லோ திண்டோ இருக்கிற பாதை தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் நல்லது. இந்த வாரம் கைத்தடி வாங்கலாமா என்று கேட்டதற்கு, "அது கெழவிக்கு" என்று சொல்லிவிட்டார்.